வெகுளிப் பெண்ணுக்கு எந்த ஊர்த் தமிழ்?

போன மாதம் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மருமகள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஆண்டு விழா நாடகத்துக்கு ஏழெட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கே வரவழைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு சிறுமிக்கு வெகுளியான கிராமத்துப் பெண் வேஷம். அந்தக் குழந்தை தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஆள்காட்டி விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றது. "இன்னும் கொஞ்சம் இன்னொசென்ட்டா பண்ணும்மா" என்றாள் டீச்சர். குழந்தை ஒரு நொடி யோசித்துவிட்டு இரண்டாவது விரலையும் வாய்க்குள் விட்டது. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மூலையில் காபி குடிக்கிற கிழவன் எதற்குச் சிரிக்கிறான் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களிடம் என்னத்தைச் சொல்ல? வெகுளிப் பெண்ணாக நிற்பதையே தொழிலாக வைத்திருந்த ஒருவரை ஆறேழு வருஷம் மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தவன் நான். வாய்ப் பக்கம் விரலை அவர் ஒரு நாளும் கொண்டுபோனதில்லை. உங்களிடம் சொல்லலாம், உங்களுக்குப் பொறுமை உண்டு.

நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது இருபத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினேன். டவுன்ஷிப் முழுக்க என்னைப் போல வந்தவர்கள்தான். ஒரே பிளாக்கில் மதுரைக்காரர் வீடு, அடுத்தது கோயம்புத்தூர், அதற்கடுத்தது நாகர்கோவில். சாயங்காலம் தெருவில் நடந்தால் குழம்பு வாசனையை வைத்தே யார் எந்த ஜில்லா என்று சொல்லிவிடலாம். உள்ளூர்க்காரர்கள் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஷிஃப்ட் பஸ்ஸில் வந்து போனார்கள். அவர்கள் பேச்சு எனக்குப் புரியவே கொஞ்ச நாள் ஆயிற்று.

புரியாததற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூட வேலை செய்கிறவர் ஒருவர் காடாம்புலியூரில் தன் வீட்டுக்குப் பலாப்பழம் தின்னக் கூப்பிட்டிருந்தார். போனேன். "அப்பா இல்லீங்களா?" என்று மரியாதைக்குக் கேட்டேன். "கொல்லைக்குப் போயிருக்காருங்க, வர நேரமாவும்" என்றார். எங்கள் ஊரில் கொல்லைக்குப் போவது என்றால் ஒரே அர்த்தம்தான். நேரமாகும் என்று வேறு சொல்கிறாரே, பெரியவருக்கு வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "ஓமத் தண்ணி குடுத்துப் பாருங்க" என்று சொல்லிவைத்தேன். அந்தப் பக்கத்தில் கொல்லை என்றால் விளைநிலம். முந்திரிக் கொல்லை, பலாக் கொல்லை, கம்பங்கொல்லை. அந்த நண்பர் ரிட்டயர் ஆகும்வரை என்னை ஓமத் தண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

டவுன்ஷிப்பில் ஒரு நாடகக் குழு இருந்தது. அது எனக்கு வாய்த்ததும் இப்படி ஒரு கோளாறினால்தான். நடிக்கத்தான் போனேன். ஒர்க் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்த சங்கரலிங்கம் சார்தான் நாடகம் எழுதுவது, இயக்குவது, எல்லோரையும் திட்டுவது எல்லாம். கோவில்பட்டிக்காரர். என்னை இரண்டு வரி பேசச் சொல்லிக் கேட்டுவிட்டு, "உன் குரல் மேடையைத் தாண்டாதுடே, மேடையில நிக்கவனுக்கு மட்டும்தான் கேக்கும்" என்று பிராம்ப்ட்டர் ஆக்கிவிட்டார். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, நடிப்பவர்கள் மறந்த வசனத்தை எடுத்துக் கொடுக்கிற வேலை. முதல் நாடகத்திலேயே பதற்றத்தில் வசனத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்துப் படித்துவிட்டேன். கதாநாயகன் தங்கராசு, வெல்டர், சொன்னதைச் சொல்லும் தங்கமான மனுஷன், அதை அப்படியே கணீரென்று "கண் கலங்குகிறாள்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டான். நாடகம் அங்கேயே படுத்திருக்க வேண்டும். எதிரே நின்ற கதாநாயகி அவனை நிமிர்ந்து பார்த்து, "நான் எங்க கலங்குதேன்? நீங்கதானே கலங்குதீக" என்றாள். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. அன்றைக்கு என் வேலையையும் மானத்தையும் காப்பாற்றிய அந்தக் கதாநாயகிதான் வனஜாம்மா.

டவுன்ஷிப்பில் ஆம்பளைகள் நடிப்பார்கள். குவார்ட்டர்ஸ் வீட்டுப் பெண்களை மேடை ஏற்ற யாருக்கும் தைரியம் வராது. ஆகவே பெண் வேஷத்துக்கு வெளியிலிருந்து நடிகைகளை அழைத்துவருவது அன்றைக்கு எல்லா ஊர் நாடகக் குழுக்களிலும் வழக்கம். வனஜாம்மா மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். கையில் ஒரு ஒயர்கூடை, அதில் தாவணி, சவுரிமுடி, கண்ணாடி வளையல், ஒரு டப்பாவில் தயிர்சாதம். அப்போதே அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒப்பனை அறையில் உட்கார்ந்து பாவாடை ஓரம் தைப்பார். வழியில் சில்லறை தராத கண்டக்டரை வைவார். தேங்காயெண்ணெயும் முகப்பவுடரும் கலந்த வாசனையில் அந்த அறை திணறிக்கொண்டிருக்கும். தங்கராசு மேடையில் அவரைக் கண்ணே என்பான், இறங்கியதும் "அக்கா, டீ சொல்லட்டா?" என்பான். அப்படிப்பட்ட அம்மாள் பக்கத் திரையைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் பதினாறு வயது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், மூன்றடி தூரத்தில் நின்ற எனக்கே அந்த மூக்குக்கண்ணாடித் தழும்பு தெரியாமல் போய்விடும்.

இதை எப்படிச் செய்கிறார் என்று எனக்கு ஒரே யோசனை. கவனித்துக் கவனித்துச் சிலது பிடிபட்டது. எதிரில் இருப்பவர் பேசும்போது மற்ற நடிகைகள் கண்ணைப் பார்ப்பார்கள், இவர் வாயைப் பார்ப்பார். கைக்குழந்தைகள் அப்படித்தான் பார்க்கும். அப்புறம், எதுவும் தாமதமாகத்தான் புரியும். வில்லன் கெட்டவன் என்று சபை முழுவதுக்கும் தெரிந்து, முன்வரிசைப் பிள்ளைகள் "அக்கா, போவாத" என்று கத்திய பிறகும் இவர் முகம் தெளிவாகவே இருக்கும்.

ஒரு நாள் நேரடியாகவே கேட்டேன். தைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வெகுளின்னா ஒண்ணுந் தெரியாதவ இல்லீங்க தம்பி. ஒண்ணுந் தெரியாதவ பேக்கு. எதிர்ல நிக்கறவங்க நல்லவங்கன்னு நெனச்சிகினு இருக்கறவதான் வெகுளி. அதை நெனச்சிகினா போதும், மூஞ்சி தானா வந்துடும்."

எத்தனையோ கருத்தரங்குகளில் நடிப்பைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றும் கேட்டதில்லை.

அந்தப் பேச்சைக் கவனித்தீர்களா? நெனச்சிகினு. அதில்தான் சிக்கலே. சங்கரலிங்கம் சாருக்கு அந்தக் 'கினு' ஆகவே ஆகாது. வந்துகினு, போய்கினு என்று காதில் விழுந்தால் அவருக்கு மெட்ராஸ் சினிமா ரவுடி ஞாபகம் வந்துவிடும். அவர் எழுதுகிற வெகுளிப் பெண்கள் எல்லோரும் கரிசல் மண்ணில் பிறந்தவர்கள். வாரேன், போறேன்லா, அந்தா தெரியுது. வனஜாம்மா அதை அச்சுப் பிசகாமல் பேசப் படித்திருந்தார். மேடையில் அவர் பேசுவதைக் கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண் என்று யாராவது பெண் கேட்டு வந்துவிடுவார்கள். மேடையை விட்டு இறங்கியதும் 'கினு' வந்துவிடும்.

அந்த வருஷ விழா நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கியபோது சங்கரலிங்கம் சார் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். இதுதான் வனஜாம்மாவுக்கு இளம்பெண் வேஷம் கடைசி. அடுத்த வருஷம் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு சின்னப் பெண் வருகிறாள். வனஜாம்மாவுக்கு அம்மா வேஷம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்றைக்கானாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று. ஆனால் அந்தத் தொழிலில் அம்மாவாகிவிட்டவர் திரும்பப் பெண்ணாக முடியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வனஜாம்மா ஊசியில் நூலைக் கோத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரிங்க சார். ஒண்ணு கேக்கறேன். கடைசின்னு ஆயிடுச்சி. இந்த ஒரு வாட்டி இந்தப் பொண்ணு எங்கூரு பேச்சு பேசட்டுமே."

"எந்தப் பேச்சு?"

"நான் பேசறனே, இது."

சங்கரலிங்கம் சார் சிரித்தார். "வனஜாம்மா, அது முரட்டுப் பேச்சு. வெகுளிப் புள்ள வாயில அது வந்தா ஆளு நம்ப மாட்டான்."

"நாங்க எல்லாம் அதைத்தான் பேசறோங்க. எங்களுக்குள்ள வெகுளி இல்லீங்களா?"

அவர் அடுத்த காட்சிக்குப் போகச் சொன்னார். அந்த அம்மாளும் மறுபடி கேட்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லைதான். ஆனால் நான் யார்? பிராம்ப்ட்டர். ஊருக்கெல்லாம் வார்த்தை எடுத்துக் கொடுக்கிறவனுக்கு அந்த இடத்தில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

விழா நாள் வந்தது. எங்கள் கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாற்காலிகளில் குவார்ட்டர்ஸ் குடும்பங்கள், பெரும்பாலும் தெற்கத்திக்காரர்களும் மேற்கத்திக்காரர்களும். பக்கவாட்டில் தரையில் சாக்கு விரித்துச் சுற்று வட்டாரக் கிராமத்துக் குடும்பங்கள். நைட் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நேரமானால் நாடகம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு ஒரு நூறு பேர் சடசடவென்று எழுந்து போவார்கள். கொலைக் காட்சியானாலும் கல்யாணக் காட்சியானாலும் ஒன்றுதான். கடலூரிலிருந்து புதிதாக வந்த ஒரு நடிகர் நாடகம் படுத்துவிட்டது என்று நினைத்து மேடையிலேயே அழுதுவிட்டார்.

அன்றும் அந்த நேரம்தான். பட்டணத்திலிருந்து வரும் மாப்பிள்ளை, பெண்ணைத் தனியாகச் சந்தித்து அவள் அப்பாவை விசாரிக்கிற காட்சி. தரையில் இருந்தவர்கள் எழுந்து சாக்கை உதறத் தொடங்கியிருந்தார்கள். தங்கராசு தன் வசனத்தைச் சொன்னான்.

"உங்க அப்பாவைப் பார்க்கணுமே, எங்கே இருக்கார்?"

அவள் சொல்ல வேண்டியது, அப்பா வயலுக்குப் போயிருக்காவ. அவருக்கு மறந்துவிட்டதோ என்று நான் திரைக்குப் பின்னால் அதை எடுத்துக் கொடுத்தேன். வனஜாம்மா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் என் பக்கம் ஒரு முறை ஓட்டினார். என் குரல் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கிறது. பிறகு தங்கராசுவின் வாயைப் பார்த்துச் சொன்னார்.

"அப்பா கொல்லைக்குப் போயிருக்காருங்க."

நாற்காலிகள் சிரித்தன. ஆம்பளைகள் தொடையில் தட்டிக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். தங்கராசு திண்டுக்கல்காரன், அவனுக்கும் எங்கள் அர்த்தம்தான். சமாளிக்கிறேன் பேர்வழி என்று, "அப்படியா, எப்ப வருவாரு?" என்று கேட்டுவைத்தான். இன்னொரு சிரிப்பு வெடித்தது. தரையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

வனஜாம்மா சிரிப்பு அடங்கும்வரை நின்றார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது? இவர்கள் எதற்கோ சந்தோஷப்படுகிறார்கள், நல்லவர்கள், சந்தோஷப்படட்டும் என்று இருந்தது. அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

"எப்ப வருவாருன்னு தெரியலீங்க. தெனமும் போறாரு. வெள்ளாமை ஒண்ணும் கெடையாது. சும்மா நின்னு பாத்துகினு இருப்பாருங்க."

"எந்த... எந்தக் கொல்லை?" தங்கராசு நிஜமாகவே கேட்டான்.

"அதாங்க, இப்போ மிசினு தோண்டிகினு இருக்குதே, அங்கதாங்க எங்க கொல்ல. வூடுங்கூட அங்கதாங்க இருந்துச்சி. போவாதீங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு."

அந்த மெஷின் தோண்டுகிற கரியில்தான் எங்கள் எல்லோர் வீட்டு அடுப்பும் எரிந்தது. நாற்காலியில் இருந்தவர்களுக்கும்தான், கேரியரோடு நின்றவர்களுக்கும்தான். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. அப்பா எங்கே என்று கேட்டார்கள், இருக்கிற இடத்தைச் சொன்னார். பஸ் ஹாரன் அடித்தது. எழுந்து நின்ற நூறு பேரும் நின்றபடியே நின்றார்கள். தரையிலிருந்து ஒரு பெண் குரல், நாடகம் என்பதையே மறந்துவிட்டு, "எந்த ஊரும்மா உனுக்கு?" என்று கேட்டது. வனஜாம்மா அந்தப் பக்கம் திரும்பிக் கம்மாபுரத்துப் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். அப்போது அந்தப் பெயரில் ஊர் கிடையாது, சுரங்கத்துக்குள் போய்விட்டது. கூட்டத்தில் யாரோ, "நம்மூருடி" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மேடைவரை கேட்டது.

தங்கராசு வாயைத் திறந்தபடி நின்றான். அவனுக்கு இதற்கு மேல் வசனம் கிடையாது, என்னிடமும் கிடையாது. வனஜாம்மாதான் அவன் சட்டைக் கையைப் பிடித்து, "வாங்க, நானே கூட்டிகினு போறேன்" என்று சொல்லி உள்ளே அழைத்து வந்தார். திரை விழுந்த பிறகுதான் நைட் ஷிஃப்ட்காரர்கள் நகர்ந்தார்கள்.

சங்கரலிங்கம் சார் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பெரிய சண்டை வரப்போகிறது என்று நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். நாடகம் முடிந்ததும் அவர் ஒப்பனை அறைக்குப் போனார். வனஜாம்மா சவுரியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா இப்பவும் போறாரா?" என்று கேட்டார் சார்.

"நேத்திக்கூட போனாருங்க. மேல்பட்டாம்பாக்கத்துலருந்து பஸ்ஸு ஏறிப் போவாரு. வந்து, இன்னிக்கி மிசினு வேப்பமரம் நின்ன எடம் வரிக்கும் வந்துடுச்சின்னு சொல்லுவாரு."

சார் மேஜை மேல் கிடந்த கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் யாரையும் அவர் பார்க்கவில்லை. "அடுத்த வருஷமும் நீங்கதான் பொண்ணு" என்றார் கடைசியில்.

"வேணாங்க சார். எனக்கு ஆசை தீந்துடுச்சி. அம்மா வேஷமே குடுங்க. ஆனா அந்த அம்மா இந்தப் பேச்சுதான் பேசுவா."

அப்படியே நடந்தது. அடுத்த நான்கைந்து நாடகங்களில் வனஜாம்மா அம்மாவாக வந்தார். சங்கரலிங்கம் சார் அவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, "இதை உங்க பக்கத்துல எப்படிச் சொல்வீங்க?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். சார் 'வூடு' என்று உச்சரிக்கும்போது அதில் கோவில்பட்டி வெயில் அடிக்கும், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். வனஜாம்மா மட்டும் சிரிக்க மாட்டார், பொறுமையாகத் திருத்துவார். பாண்டிச்சேரியிலிருந்து வந்த சின்னப் பெண் நன்றாகத்தான் நடித்தாள். ஆனால் கூட்டம் காத்திருந்தது அம்மா வருகிற காட்சிக்கு.

அப்புறம் எல்லார் வீட்டிலும் டிவி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ஆள் வருவது நின்றது. சங்கரலிங்கம் சார் ரிட்டயராகிக் கோவில்பட்டிக்கே போய்ச் சேர்ந்தார், இப்போது இல்லை. தங்கராசு மகன் வீட்டோடு திருப்பூரில் இருக்கிறான். நாங்கள் நாடகம் போட்ட மைதானத்தில் மேடை இருந்த இடத்தைப் போய்த் தேடினால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மேடையில் வெகுளிப் பெண் என்று ஒருத்தி வந்து, கெட்டவனையும் நல்லவன் என்று நம்பி நம்மைப் பதற வைத்த காலமும் போய்விட்டது. இப்போது அவள் வந்தாலும் சிரிப்பதற்குத்தான் வருகிறாள், வாயில் விரலோடு.

சில வருஷங்களுக்கு முன் மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் போக நேர்ந்தபோது விசாரித்துக்கொண்டு வனஜாம்மாவைப் பார்க்கப் போனேன். மகள் மல்லிகா வீட்டில் இருந்தார். டைல்ஸ் போட்ட புதிய வீடு. வயது ஏறியிருந்தது, பார்வை மங்கியிருந்தது, என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். "தம்பியா? வாங்க வாங்க. உங்களைத்தான் நேத்திக்கூட நெனச்சிகினு இருந்தேன்" என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு 'கினு'வைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேனோ என்னவோ.

மல்லிகா காபி கொண்டுவந்தாள். டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்து, வெளியூரில் கல்லூரி முடித்து, பாங்கில் வேலை பார்க்கிறவள். அம்மாவை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. தம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, அம்மாவின் தோளில் கை வைத்து, பிரியமாகத்தான் சொன்னாள்.

"அம்மா, சார் வந்திருக்காங்க. வந்துகினு போய்கினுன்னு பேசாதம்மா. நல்லா பேசு."

வனஜாம்மா மகளின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"சரிம்மா. நல்லாத்தானே பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நான் கிளம்புவதற்குள் இருட்டிவிட்டது. அவருடைய அப்பாவைப் பற்றி, தங்கராசுவைப் பற்றி, கண் கலங்கிய கதையைப் பற்றியெல்லாம் பேசிச் சிரித்தோம். அதற்குப் பிறகு அந்த அம்மாள் வாயில் ஒரு 'கினு'கூட வரவில்லை.